430 எக்ஸ்எம்எல் ஃபைல், 4 ஜிபி கம்ப்யூட்டர்: எதுல ஏத்துறது?

அக்டோபர் 6, 2024 (தொண்டியிலேர்ந்து ஒரு தம்பி கேட்டது)

எங்க வாசகசாலைல பழைய கடுதாசி, கணக்கு நோட்டு, கொஞ்சம் அரபுத்தமிழ் (அரபு எழுத்துல எழுதுன தமிழ்) கைப்பிரதி எல்லாத்தையும் தட்டச்சு பண்ணி டிஇஐ எக்ஸ்எம்எல்லா (எது ஊர் பேரு, எது ஆள் பேருன்னு வாசகத்துக்குள்ளயே டேக்ங்கிற அடையாளம் போடுற முறை) மாத்தி வச்சிருக்கோம், மொத்தம் 430 ஃபைல். காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்க வழியில்ல. இதை ஏத்தி வச்சுத் தேட ஒருத்தர் டிஸ்பேஸ் (டிஜிட்டல் ஆவணக் காப்பக சாஃப்ட்வேர்) போடுங்கிறாரு, இன்னொருத்தர் ஈஎக்ஸிஸ்ட் (எக்ஸ்எம்எல் டேட்டாபேஸ்) போடுங்கிறாரு. இருக்கிறது 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு. எது நல்லது காக்கா (அண்ணே)?

அக்டோபர் 6, ராத்திரி

ரெண்டும் வேணாம் தம்பி. ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 430 ஃபைல், மேல கிட் (ஒவ்வொரு மாத்தத்தையும் நினைவு வச்சு, வேணும்னா பழசைத் திருப்பித் தர்ற கருவி), தேடுறதுக்கு கிரெப் (ஒரு வார்த்தை வர்ற வரியைக் காட்டுற கமாண்ட்). முடிஞ்சு போச்சு.

டிஸ்பேஸ் நல்ல சாமான்தான், 2002லேர்ந்து ஓடுது, ஆனா அது ஃபைலை பொட்டலமா வாங்கி அலமாரியில வைக்கிற ஆளு. யார் எழுதுனது, எந்த வருஷம், என்ன தலைப்புன்னு வெளிய சீட்டு ஒட்டும். உள்ள நீ கஷ்டப்பட்டு போட்ட டேக்கைப் பத்தி அதுக்குக் கவலை கிடையாது. 2021ல 7வது வெர்ஷன் வந்தப்புறம் முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சோலார் தேடல் கருவின்னு ஒரு பட்டாளமே வேணும். 4 ஜிபில அதை ஏத்துனா சின்ன வத்தைப் படகுல லாரியை ஏத்துன மாதிரி.

அக்டோபர் 7

நேத்து கிரெப் போதும்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். காலையில டீ குடிக்கிறப்பவே உறுத்துச்சு. கிரெப்புக்கு வரிதான் தெரியும், இந்த ஊர் பேரு கடுதாசி எழுதுனவன் இருந்த ஊரா, போய்ச் சேர்ந்த ஊரான்னு அதுக்குத் தெரியாது. அதுக்காகத்தானே எக்ஸ்எம்எல் பண்ணுனோம், இல்லாட்டி நோட்பேட்லயே அடிச்சு வச்சிருக்கலாம்.

அதனால பேஸ்எக்ஸ் போடு, இதுவும் எக்ஸ்எம்எல் டேட்டாபேஸ்தான். ஜாவா இருந்தா போதும், ஒரே ஒரு ஜார் ஃபைல். நான் பாம்பன்ல 4 ஜிபி லேப்டாப்லதான் ஓட்டுறேன், என் கணக்கு நோட்டுக் குவியலுக்கு மூச்சு வாங்கல. ஜெர்மனில கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்துல தொடங்குனது. எக்ஸ்குவெரி (அதுகிட்ட கேள்வி கேக்குற மொழி) எழுதக் கத்துக்கணும், பத்து நாள் முட்டிக்கிட்டா வந்துரும்.

அக்டோபர் 7, மறுபடி

மதுரைலேர்ந்து ஒருத்தர் ஈஎக்ஸிஸ்ட்டை ஏன் ஒரே அடியா ஒதுக்குறீங்கன்னு கேக்குறாரு. ஒதுக்கல சார். வெப்ல எல்லாரும் படிக்கிற மாதிரி பக்கம் போட்டுக் காட்டணும்னா ஈஎக்ஸிஸ்ட் மேல டிஇஐ பப்ளிஷர் வச்சா அழகா இருக்கும், நானே கும்பிடுவேன். ஆனா அதுல ஃபைல் டேட்டாபேஸுக்குள்ள போயி குடியேறிரும், வெளிய எடுக்க எக்ஸ்போர்ட் பண்ணணும். ஒரே ஒரு ஆள் பாத்துக்கிற இடத்துல அந்த ஆள் சவூதிக்குப் போயிட்டா அடுத்தவன் எங்க தேடுவான்? ஃபோல்டர்னா பேரப்புள்ள கூட திறந்து பாப்பான்.

அக்டோபர் 15

தம்பி போட்டுட்டான். கொழும்புன்னு தேடுனா 61 வருது, கண்ணால எண்ணுனா நூத்துக்கு மேல இருக்குங்கிறான். பேஸ்எக்ஸ் சரியில்லன்னு அதுக்குள்ள தீர்ப்பு.

பேஸ்எக்ஸ் மேல குத்தம் இல்ல. உன் ஃபைல்ல கொழும்பு ரெண்டு இருக்கு. கண்ணுக்கு ஒண்ணுதான். யூனிகோட்ல கொ-வோட குறியை ஒரே குறியாவும் போடலாம், முன்னால ஒரு கொம்பு பின்னால ஒரு கால்னு ரெண்டு குறியாவும் போடலாம். எந்த கீபோர்டு, எந்த கன்வெர்ட்டர்ங்கிறதைப் பொறுத்து ரெண்டும் வரும். தேடுற மெஷினுக்கு அது ரெண்டு வேற வார்த்தை. உன் ஊரே தொண்டி, அதுலயும் அதே கொம்புதான், அதையும் தேடிப் பாரு.

மருந்து இருக்கு. என்எஃப்சின்னு ஒரு வடிவம், எல்லாத்தையும் ஒத்தைக் குறியா மாத்திரும். யூகான்வ்னு ஐசியூங்கிற யூனிகோட் நிரல் தொகுப்போட சின்ன கருவி, 430 ஃபைலையும் ஒரே அடியில தள்ளு. எல்லாம் சரியாயிரும்.

அக்டோபர் 19

எல்லாம் சரியாயிரும்னு எழுதுன கையை உடைக்கணும்.

தம்பி மூணு ஃபைல் அனுப்புனான். அதுல மாரியூர் உப்பளத்துக் கணக்கு ஒண்ணு. மாரியூர்னு தேடுனா வரல. என்எஃப்சி பண்ணியாச்சு, அப்பவும் வரல. பெருசு பண்ணிப் பாத்தா மாாியூர்னு இருக்கு. ரி இருக்க வேண்டிய இடத்துல காலும் அதுக்கு மேல ஒரு இகரச் சுழியும். பழைய ஃபான்ட்ல ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாம அடிச்சவங்க அடிச்சாங்க, கன்வெர்ட்டர் அதை நம்பி யூனிகோட் ஆக்கிருச்சு. என்எஃப்சி இதைத் தொடாது, ஏன்னா அதுக்கு இது தப்பே இல்ல, ரெண்டு குறி பக்கத்துல பக்கத்துல நிக்குது அவ்வளவுதான். அவர்கள்ங்கிறதை அவா்கள்னு அடிச்சது நெட்டு முழுக்கக் கிடக்கு, ர்-க்குப் பதிலா காலு மேல புள்ளி. ஒரு தடவை கண்ணு பழகிட்டா அப்புறம் எங்க பாத்தாலும் அதுதான் தெரியும், நிம்மதி போச்சு.

டவுன்ல ஒரு டைப்பிங் சென்டர்ல குடுத்து மாத்துனதாம். பேரு வேணாம், அவங்க மேல மட்டும் பழி போட்டுப் புண்ணியமில்ல, நானும் 2016ல அதே கூத்தைச் செஞ்சவன்தான்.

இதுல ஒரு சிரிப்பு இருக்கு. ஓலைச்சுவடில ர-வும் காலும் ஒரே வடிவம்தான். புள்ளியும் வைக்க மாட்டாங்க, குறில் எகரத்துக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. படிக்கிறவனுக்குத்தான் தமிழ் தெரியணும். அதைச் சுவடியில இருக்கிற மாதிரியே ஒண்ணும், நம்ம படிக்கிற மாதிரி ஒண்ணும் ஜோடியா எழுத டிஇஐல சாய்ஸ்னு டேக், உள்ள ஒரிஜ், ரெக்னு ரெண்டு வச்சிருக்கான். ஓலை எழுதுனவரு தெரிஞ்சு விட்டதை டைப்பிங் சென்டர் தெரியாம விட்டுருக்கு.

அக்டோபர் 20

வழி கேட்டீங்க. காலுக்குப் பின்னால இகரச் சுழியோ புள்ளியோ வந்தா அது கண்டிப்பா தப்பு, தமிழ்ல அப்படி ஒரு சேர்க்கையே கிடையாது. கண்ணை மூடிட்டு ரி, ர்-னு மாத்தலாம். எழுத்தைத் தேடி மாத்துற செட் (sed) கமாண்ட் ரெண்டு வரி.

அதே சூட்டுல கெளரவத்தையும் கௌரவமா மாத்திருங்க. ஔகாரத்துக்கு ள-வைப் போட்டு அடிக்கிறது இன்னொரு வியாதி. கெள வந்தா கௌ.

அக்டோபர் 20, ஒரு மணி நேரம் கழிச்சு

மேல உள்ள கடைசி வரியை யாரும் செய்யாதீங்க!!

என் ஃபைல்லயே ஓட்டிட்டேன். எங்க கருவாட்டுக் கணக்குல கெளுத்தி மீன் இருக்கு. எல்லாக் கெளுத்தியும் கௌுத்தி ஆயிருச்சு. ஒரு குறி மேல இன்னொரு குறி ஏறி நிக்குது. எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, குறிக்குப் பின்னால குறி வந்தா கத்துன்னு நேத்து எழுதுன செக்கு இதைப் பாத்துக் கத்துச்சு. ஒரு முட்டாள்தனத்தை இன்னொண்ணு காட்டிக் குடுத்துச்சு. கிட் இருந்ததால ஒரே கமாண்ட்ல பழைய கெளுத்தி திரும்ப வந்துருச்சு.

கெள வர்ற இடத்தைப் பட்டியல் எடுத்து கண்ணால பாத்துத்தான் மாத்தணும். எனக்கு 17 இடம், 14 கெளுத்தி.

அக்டோபர் 28

சின்னச் சின்ன விஷயம், மறக்குறதுக்குள்ள:

கிட்ல ஃபைல் பேரு தமிழ்ல இருந்தா ஸ்டேட்டஸ் கேட்டா வெறும் நம்பரும் சாய்கோடுமா துப்பும். கோர் கோட்பாத்ங்கிற (core.quotepath) செட்டிங்கை ஃபால்ஸ் பண்ணு, தமிழ் வரும்.

எக்ஸ்எம்எல் ஐடி நம்பர்ல ஆரம்பிக்கக் கூடாது. 12-கடிதம்னு வச்சா பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படிச்சுச் சரி பாக்குற நிரல்) ஒத்துக்காது, கடிதம்-12ன்னு வை. ஐடியைத் தமிழ்லயே வைக்கலாமான்னு கேட்டான், வைக்கலாம். ஒரே ஒரு வம்பு ஶ. அது யூனிகோட்ல 2005லதான் வந்துச்சு, எக்ஸ்எம்எல்லோட பழைய விதியில அனுமதிச்ச எழுத்துப் பட்டியல்ல அது கிடையாது. 2008ல அஞ்சாம் பதிப்புல விதியைத் தளர்த்திட்டாங்க, ஆனா பழைய விதியையே புடிச்சுக்கிட்டு இருக்கிற பார்சர் மாட்டுனா உதைக்கும்.

டிஇஐ ஸ்டைல்ஷீட்டை (எக்ஸ்எம்எல்லை வெப் பக்கமா மாத்துறதுக்கு எக்ஸ்எஸ்எல்டி மொழியில எழுதுன விதிகள்) எக்ஸ்எஸ்எல்டிபிராக்ல ஓட்டிட்டு வேலை செய்யலன்னு அழாத. அது எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டும்தான் புரிஞ்சுக்கும், ஸ்டைல்ஷீட் எழுதியிருக்கிறது 2.0ல. சாக்சன் ஹெச்இ எடு, அதுவும் இலவசம்தான்.

நவம்பர் 3

ராமேஸ்வரத்து அக்கா ஒருத்தங்க கேட்டது: ஃபைலைத் திருத்துறேன், தேடுனா பழசுதான் வருது, ஏன்?

அக்கா, பேஸ்எக்ஸ் உங்க ஃபைலைப் பாத்துக்கிட்டு இருக்கல. ஏத்துன அன்னைக்கு ஒரு நகல் எடுத்து வச்சுக்கிச்சு, அதுலதான் தேடுது. திருத்துனா மறுபடி ஏத்தணும். நான் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி மொத்த டேட்டாபேஸையும் அழிச்சுட்டுப் புதுசா கட்டுறேன், பல் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள கட்டிருது.

நவம்பர் 9

தம்பியோட புது வில்லங்கம். வார்த்தையெல்லாம் ஒட்டிக்கிச்சாம். மண்டபம் சங்கு வரவுன்னு இருந்தது மண்டபம்சங்குவரவுன்னு வருதாம், ஊர் பேருக்கும் பொருளுக்கும் டேக் போட்ட வரியில மட்டும்.

எந்த வெர்ஷன்னு கேட்டேன், 9ங்கிறான். அதான். அதுல சாப்னு ஒரு ஆப்ஷன் நம்ம கேக்காமலே ஆன்ல இருக்கும். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவுல இருக்கிற வெத்து இடத்தைத் தின்னுரும். விலைப்பட்டியல் மாதிரி டேட்டாவுக்கு அது சரி, ஓடுற வாசகத்துக்கு விஷம். 10லேர்ந்து மாத்திட்டாங்க. புது வெர்ஷன் போடு, ஜாவாவும் புதுசாக்கணும்.

எனக்கு இதோட தலைகீழ் நடந்துச்சு ஒரு தடவை. உதவிக்கு வந்த பையன் எடிட்டர்ல அழகா இருக்கட்டும்னு ஃபார்மேட் பட்டனை அமுக்கிட்டான். மங்கலான எழுத்துக்கு அன்கிளியர்னு டேக் போட்டிருந்தேன், ஒரு வார்த்தைக்கு நடுவுலயே. ஒவ்வொரு டேக்கையும் தனி வரிக்குத் தள்ளி நெத்திலியை நெத் தி லின்னு கூறு போட்டுருச்சு. பேஸ்எக்ஸ் தின்னுது, எடிட்டர் வாந்தி எடுக்குது, நடுவுல நம்ம.

நவம்பர் 22

கரண்ட் ரெண்டு நாளா இல்ல. பாம்பன், ராமேஸ்வரம், தங்கச்சிமடம் எல்லாம் மழை என்ன ஊத்து ஊத்துச்சுன்னு நியூஸ்ல பாத்திருப்பீங்க. வீட்டுக்குள்ள தண்ணி, லேப்டாப்பைப் பரண்ல ஏத்துனேன். டேட்டாபேஸ் கட்டிக்கிட்டு இருக்கிறப்ப சார்ஜ் போயிருச்சு, இப்ப திறந்தா அப்டேட் முடியலன்னு அடம் புடிக்குது. அழிச்சுட்டு ஃபோல்டர்லேர்ந்து திரும்பக் கட்டிக்கிட்டேன். மதுரை சாருக்கு: ஃபோல்டர்தான் மூலம்னு நான் சொன்னது இதுக்குத்தான்.

டிசம்பர் 8

இப்ப என் பஞ்சாயத்து.

உம்மாவோட வாப்பா பாம்பன்ல கருவாட்டுக் கிட்டங்கி வச்சிருந்தாங்க, சரக்கு தனுஷ்கோடி வழியா கொழும்புக்குப் போகும். கணக்கு எழுதுனது கணக்குப்பிள்ளை ஒருத்தர், தமிழ் வருஷம் தமிழ் மாசம்தான் போடுவாரு. அதுல ரெண்டு விஷயம்.

ஒண்ணு, வரிக்கு வரி ௸. மேற்படிக்கு உள்ள குறி. யூனிகோட்ல இருக்கு, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ரூபாய்க்கு ௹ எல்லாம் 2003லயே வந்தாச்சு, அடிக்கிறதுல கஷ்டம் இல்ல. ஆனா எக்ஸ்எம்எல்ல ஒரு வரியைத் தனியா உருவுனா என்ன ஆகுது? நோட்டுல மேல் வரியில பேரு இருக்கும், கண்ணு தன்னால மேல போகும். தேடல்ல விடை வர்றப்ப ‘௸ சாளை 3 சிப்பம்’னு மட்டும் நிக்கும். யாரு அந்த மேற்படி? நான் ௸-ஐ அப்படியே விட்டுட்டு, அதைச் சுத்தி ஒரு பேர் டேக் போட்டு, ரெஃப் அட்ரிப்யூட்ல (டேக்குக்குள்ள எழுதுற கூடுதல் குறிப்பு) அந்த ஆளோட ஐடியைக் குடுத்துட்டேன். 40 பக்கத்துக்கு இதையே செய்யணும். மெஷின்கிட்ட விட்டா மேல் வரியே ௸-ஆ இருக்கிற இடத்துல சுத்திக்கிட்டே இருக்கு, ரெண்டு மேற்படி ஒரே வரியில வந்தா (ஆளும் மேற்படி, மீனும் மேற்படி) பைத்தியம் புடிக்குது. கையாலதான் செஞ்சேன், ரெண்டு ரமலான் ஆச்சு.

பின்னம் பத்திக் கேட்டா, அரைக்கால், மாகாணி எல்லாம் 2019ல யூனிகோட் 12ல தனி இடம் குடுத்தாச்சு, நோட்டோ ஃபான்ட்ல தமிழ் சப்ளிமென்ட்னு தேடு.

ரெண்டாவது, வருஷம். நோட்டு மேல குரோதின்னு இருக்கு. என் ஸ்கிரிப்ட் அதை 1904ன்னு போட்டுருச்சு. 120 வருஷத்துப் பொக்கிஷம் வீட்டுல கெடந்திருக்குன்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டேன்.

டிசம்பர் 9

ராமேஸ்வரத்து அக்கா நான் போட்ட ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு எழுதுனது, அப்படியே போடுறேன்: "1904ல பாம்பன்ல பாலமே கிடையாது தம்பி, 1914லதான் ரயில் பாலம் திறந்தாங்க. ரயில் கூலின்னு எழுதியிருக்காரே உங்க கணக்குப்பிள்ளை, ரயிலு கடல்ல நீந்திப் போச்சா? நாலாவது வரியில ந.பை.ன்னு இருக்கு பாருங்க, நயா பைசா. அது 1957க்கு அப்புறம்."

ஒழுங்கா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

நடந்தது என்னன்னா, கீழக்கரைக் கடுதாசிக எல்லாம் பழசுன்னு அதுக்காக ஒரு பட்டியல் பண்ணியிருந்தேன், பிரபவ 1867ல ஆரம்பிச்சு அட்சய வரைக்கும் 60. அதையே நோட்டுக்கும் போட்டுட்டேன். குரோதி 1904லயும் வரும், 1964லயும் வரும், இப்ப நடக்குறதும் குரோதிதான். இந்த நோட்டு 1964.

அக்கா சொன்னப்புறம் ஒரிஜினலை எடுத்துப் பாத்தேன். மார்கழி முதல் வாரம் வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் பக்கம் காலி. ஸ்கேன் பண்றப்ப வெத்துப் பக்கம்னு நான்தான் விட்டுட்டேன். தை கடைசியில ஒரே ஒரு வரி, வரவு ௷ இல்ல, பற்று மட்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி புயல்ல போனது இந்தக் கரையில யாருக்குத் தெரியாது, அந்தப் பக்கத்தைக் கையில வச்சுக்கிட்டே 1904ன்னு போட்டிருக்கேன்.

வெத்துப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி பிபி டேக் (பக்கம் மாறுறதைக் குறிக்கிறது) போட்டு ஏத்திட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒண்ணு, பதினொண்ணு.

டிசம்பர் 11

தம்பி கேட்டதுக்கு: வருஷம் உறுதியா தெரியலன்னா வென் அட்ரிப்யூட்ல நம்பரைத் திணிக்காத. நாட்பிஃபோர், நாட்ஆஃப்டர்னு ரெண்டு இருக்கு, இதுக்கு முன்னால இல்ல, இதுக்குப் பின்னால இல்லன்னு ரெண்டு கரையைக் கட்டு. நோட்டுல இருக்கிற குரோதி டேக்குக்கு உள்ள அப்படியே இருக்கட்டும். ஹிஜ்ரி போட்ட கடுதாசிக்கும் அதே வழிதான், ஒரு ஹிஜ்ரி வருஷம் பெரும்பாலும் நம்ம ரெண்டு இங்கிலீஷ் வருஷத்துல கால் வைக்கும், மாசம் இல்லன்னா ரெண்டையும் சொல்லணும்.

ஜனவரி 19, 2025

அரபுத்தமிழ் பத்தி யாருமே பேசலியேன்னு நினைச்சேன், தம்பி இன்னைக்குத்தான் தொட்டிருக்கான். வலமிருந்து இடம் எழுத்து, டேக் இடமிருந்து வலம், ஒரே வரியில ரெண்டும் வந்தா எடிட்டர்ல டேக் தாவித் தாவி ஓடுது, மூடுற டேக் முன்னால நிக்குது. ஃபைல் கெட்டுப் போகல, காட்டுறதுதான் அப்படி. எக்ஸ்எம்எல்லின்ட்ல (எக்ஸ்எம்எல் சரியான்னு பாக்குற கமாண்ட்) --noout சேத்துப் போட்டுப் பாரு, தப்பு இல்லன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கும். நான் ஒவ்வொரு வரியையும் தனி டேக்கா பிரிச்சு, டேக் ஒரு வரி வாசகம் அடுத்த வரின்னு எழுதுறேன், தாவல் குறையுது. ஆமா, வாசகத்தைச் சுத்தி வெத்து இடம் சேரும், நவம்பர்ல நான் திட்டுனது நியாபகம் இருக்கு. வரி முனையில சேந்தா பரவாயில்ல, வார்த்தை நடுவுல சேந்தாத்தான் வம்பு.

மொழி குறிக்கிறப்ப அரபின்னு போட்டுராத. மொழி தமிழ், எழுத்து அரபு. லாங் அட்ரிப்யூட்ல டிஏ ஹைஃபன் அராப் (ta-Arab). இல்லன்னா தமிழ் எல்லாத்தையும் காட்டுன்னு கேக்குறப்ப அதுக வராது. பாதி அலமாரி காணாம போகும்.

பிப்ரவரி 2

பென் டிரைவ்ல பேக்கப் வச்சிருக்கேன் காக்கான்னு தம்பி. எத்தனை? ஒண்ணு. எங்க? கம்ப்யூட்டர் டேபிள் டிராயர்ல. அட ஆண்டவனே. கடலுக்கு நூறடியில இருக்கிற வாசகசாலைல உப்புக் காத்து யூஎஸ்பி வாயையே தின்னுருது. கிட்டை வெளிய ஒரு இடத்துக்கும் தள்ளு, ஊருல வேற ஒரு வீட்டு கம்ப்யூட்டருக்கும் தள்ளு. 430 ஃபைலும் எழுத்துதானே, ஒரு கல்யாண வீடியோ அளவு கூட வராது.

ஏப்ரல் 8

பாலம் திறந்தாச்சு, 2022 டிசம்பர்ல நின்ன ரயிலு திரும்பப் பாம்பனைத் தாண்டுது. முந்தாநாளு வீட்டு மாடியில நின்னு பாத்தோம், உம்மா அழுதுட்டாங்க. இழைக்குச் சம்பந்தமில்ல, சும்மா எழுதுனேன்.

ஏப்ரல் 15

குரோதி முடிஞ்சு நேத்துலேர்ந்து விசுவாவசு. என் ஸ்கிரிப்ட்டைத் திருத்திட்டேன், இனி வருஷப் பேரை மட்டும் குடுத்தா மூணு வருஷத்தையும் காட்டி எதுன்னு கேக்கும்.

தம்பி கணக்கு அனுப்பியிருக்கான். கொழும்பு இப்ப 138. தொண்டி 402, மாரியூர் 9. மூணு ஃபைல் மட்டும் இன்னும் திறக்க மாட்டேங்குதாம், பார்சர் 212வது வரியில ஏதோ எழுத்துன்னு சொல்லுதாம். ஸ்கிரீன்ஷாட் பாத்தேன், ஒண்ணும் புரியல. அனேகமா வேர்டுலேர்ந்து ஒட்டுனப்ப கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தா இருக்கும், எக்ஸ்எம்எல் 1.0ல அதுகளுக்கு இடமே கிடையாது. ஆனா அக்டோபர்லேர்ந்து நான் அனேகமான்னு சொன்னதெல்லாம் என்ன ஆச்சுன்னு மேல இருக்கு.

ஞாயித்துக்கிழமை ராமநாதபுரம் வந்து பஸ் மாறி வர்றேன் தம்பி. அந்த மூணு கடுதாசியோட ஒரிஜினலை எடுத்து வை. பென் டிரைவ்ல எதுவும் தராத, போன தடவை குடுத்தது இன்னும் என் லேப்டாப்புல சிக்கிக்கிட்டு கெடக்கு.